பெல்ட் லோடர் இடித்ததை மறைத்து விமானத்தை அனுப்பிவிட்டார்கள். இப்போது சொன்னால் என்ன ஆகும்?

நைட்ஷிப்ட் லோடர் எழுதியது:

வணக்கம். விமான நிலையத் தரைப்பணி (கிரவுண்ட் ஹேண்ட்லிங்) செய்யும் ஒப்பந்தக் கம்பெனி ஒன்றில் லோடராக இருக்கிறேன். எந்த ஊர், எந்தக் கம்பெனி என்று தயவுசெய்து கேட்காதீர்கள்.

நேற்று ராத்திரி நல்ல மழை. ஒரு ஏ320 லேட்டாக வந்தது, சீக்கிரம் திருப்பி அனுப்ப வேண்டும் என்று எல்லோரும் பறந்துகொண்டிருந்தார்கள். பின்பக்க கார்கோ கதவுக்கு பெல்ட் லோடரை, அதாவது மூட்டைகளை மேலே ஏற்றும் பெல்ட் வைத்த வண்டியை, கொண்டுவந்தவர் எங்கள் குழுவிலேயே சீனியர். சைகை காட்ட நிற்க வேண்டியவனை முன்பக்க ஹோல்டுக்கு (சாமான் அறைக்கு) அனுப்பிவிட்டதால் வழிகாட்ட ஆள் இல்லை. நான் டாலிகளின் (மூட்டை வண்டிகளின்) பக்கம் இருந்தேன். 'டொக்' என்று ஒரு சத்தம், பெரிய சத்தம்கூட இல்லை. திரும்பிப் பார்த்தால் லோடரின் முன்முனை ரப்பர் கதவு விளிம்புக்குக் கீழே விமானத்தின் உடம்பில் அழுந்தி நிற்கிறது. அவர் உடனே ரிவர்ஸ் எடுத்துவிட்டார். கறுப்பாக ரப்பர் தடம். கையுறையால் துடைத்ததும் தடம் போய்விட்டது. டார்ச்சைச் சாய்த்து அடித்தால் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு பள்ளம் தெரிந்தது.

லீட், எங்கள் குழுத் தலைவர், வந்து பார்த்தார். "இது முன்னாடியே இருந்ததுதான்டா. இன்ஜினியரைக் கூப்பிட்டா ஃப்ளைட் நிக்கும், டிலே நம்ம தலையில விழும். அடுத்த ஸ்டேஷன்ல பாத்துக்குவாங்க" என்றார். மூட்டைகளை ஏற்றி முடித்தோம், விமானமும் கிளம்பிவிட்டது.

ஆப்பில் பார்த்தேன், பத்திரமாக இறங்கிவிட்டது. அதற்குப் பிறகும் இன்னோர் ஊருக்குப் பறந்திருக்கிறது. அப்படியென்றால் ஒன்றும் இல்லை என்றுதானே அர்த்தம்? சீனியருக்கு இரண்டு பெண் பிள்ளைகள். ஏ.டி.பி. (விமானத் தளத்துக்குள் வண்டி ஓட்டும் அனுமதி) போய்விட்டால் ஓட்டுநர் வேலையே போச்சு. இடித்தது நான் இல்லை. நான் போய்ச் சொல்ல வேண்டியது கடமையா, இல்லை அது இடித்தவர் பாடா?

---

ஓய்வுபெற்ற ஏ.எம்.இ. எழுதியது:

தம்பி, நான் விமானப் பராமரிப்பு இன்ஜினியராக (ஏ.எம்.இ.) இருந்தவன். மீதியை அப்புறம் படிக்கலாம். முதலில் போனை எடுங்கள். அந்த விமானத்தின் பதிவெண், வி.டி. என்று தொடங்கி வால் பக்கம் எழுதியிருக்குமே, அது நினைவில் இல்லாவிட்டால் ஃப்ளைட் எண்ணும் பே (விமானம் நின்ற இடம்) எண்ணும் போதும். உங்கள் ஊரில் அந்த ஏர்லைனின் டியூட்டி இன்ஜினியரைப் பிடியுங்கள். கிடைக்கவில்லை என்றால் விமான நிலையத்தில், விமானங்கள் நிற்கும் தளத்தைக் (ஏப்ரன்) கவனிக்கும் ஏப்ரன் கன்ட்ரோல். "நேற்று இரவு இந்த நேரம், இந்த பேயில், பின் கார்கோ கதவுக்குக் கீழே பெல்ட் லோடர் பட்டது, பள்ளம் இருக்கிறது, இன்ஜினியர் பார்க்கவில்லை." இவ்வளவுதான் சொல்ல வேண்டும். யார் ஓட்டினார், லீட் என்ன சொன்னார் என்பதெல்லாம் பிறகு எழுதிக்கொள்ளலாம். விமானம் அடுத்து எங்கே நிற்கிறதோ அங்கே ஒருவர் ஏணி போட்டுப் பார்த்துவிடுவார்.

பேசியாச்சா? சரி, இப்போது படியுங்கள்.

"இரண்டு முறை பறந்துவிட்டதே, அப்போ ஒன்றும் இல்லையே" என்று கேட்டீர்கள். நான் லைனில் வேலை பார்த்த காலம் முழுக்கக் கேட்ட கேள்வி இது. விமானத்தின் உடம்பு அலுமினியத் தகடு. ஏ320, 737 மாதிரி விமானங்களில் பல இடங்களில் அந்தத் தகட்டின் கனம் ஒரு மில்லிமீட்டர், கொஞ்சம் கூடக் குறைய. மேலே போகும்போது உள்ளே காற்றை அடைத்துக்கொண்டுதான் போகிறது. முப்பத்தைந்தாயிரம் அடியில் உள்ளே இருப்பவர்களுக்கு எட்டாயிரம் அடி உயரத்தில் இருக்கிற மாதிரி காற்று வேண்டும். அதனால் ஒவ்வொரு சதுர அங்குலத்தையும் ஏழெட்டு பவுண்டு விசை வெளியே தள்ளிக்கொண்டே இருக்கும். இறங்கினால் அந்த விசை போய்விடும். மறுபடி ஏறினால் மறுபடி வரும். ஒரு கம்பியை மடக்கி நிமிர்த்தி, மடக்கி நிமிர்த்தி உடைப்போமே, அந்தக் கணக்குதான். முதல் மடக்கில் உடையாததை வைத்துக் கம்பி நன்றாக இருக்கிறது என்று சொல்ல முடியாது.

முதல் மடக்கிலேயே உடைந்த கதையும் உண்டு. 2005 டிசம்பர் 26, அமெரிக்காவில் சியாட்டிலிலிருந்து பர்பேங்க் போன அலாஸ்கா ஏர்லைன்ஸ் எம்.டி.-83. சாமான் வண்டிகளை இழுக்கும் டிராக்டர் உடம்பில் உரசியிருக்கிறது. ஓட்டியவர் சொல்லவில்லை. தகட்டில் ஒரு மடிப்பு விழுந்திருந்தது, அவ்வளவுதான். சுமார் 26,000 அடியில் அந்த மடிப்பு பிளந்து, ஓர் அடி நீளம் அரை அடி அகலத்துக்கு ஓட்டை. ஆக்சிஜன் மாஸ்க் எல்லாம் தொங்கிவிட்டது. உள்ளே சுமார் 140 பேர். விமானி வேகமாகக் கீழே இறக்கி சியாட்டிலுக்கே திருப்பிக் கொண்டுவந்தார், யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. இறங்கி ஓட்டையைப் பார்த்த பிறகுதான் டிராக்டர் ஓட்டியவர் வாயைத் திறந்தார். அமெரிக்க விசாரணை வாரியம் என்.டி.எஸ்.பி., வண்டி இடித்ததை மட்டும் எழுதி நிறுத்தவில்லை, ஓட்டியவர் சொல்லாமல் விட்டதையும் சேர்த்துத்தான் எழுதியது.

இடி பட்ட இடமும் முக்கியம். கார்கோ கதவுக்காக உடம்பில் ஒரு பெரிய ஓட்டை போட்டிருக்கிறார்கள். அந்த விசை முழுக்கக் கதவைச் சுற்றியுள்ள சட்டத்தின் வழியாகத்தான் போக வேண்டும். அதனால் கதவோரத்தில் பள்ளத்துக்கு அனுமதிக்கும் அளவு மற்ற இடங்களைவிடக் கறாராக இருக்கும். இன்ஜினியர் வந்தால் சும்மா பார்த்துவிட்டுப் போக மாட்டார். டார்ச்சைத் தகட்டோடு ஒட்டிப் படுக்க வைத்து நிழல் பார்ப்பார். ஸ்கேல் வைத்து அகலம், ஆழம் இரண்டையும் அளப்பார், இரண்டுக்கும் உள்ள விகிதம்தான் கணக்கு. பள்ளத்தில் கூர்மையான மடிப்பு இருக்கிறதா, ரிவெட் தலையைச் சுற்றி பெயின்ட் வெடித்திருக்கிறதா, பக்கத்தில் ஃப்ரேமோ ஸ்ட்ரிங்கரோ (தகட்டைத் தாங்கும் குறுக்கு, நெடுக்குச் சட்டங்கள்) ஓடுகிறதா என்று பார்ப்பார். தேவைப்பட்டால் ஹோல்டின் உள் பேனலைக் கழற்றிப் பின்பக்கத்திலிருந்தும் பார்ப்பார். அப்புறம் ரிப்பேர் மேனுவலைத் திறந்து அளவுக்குள் வருகிறதா என்று ஒப்பிட்டு, டெக் லாகில் (விமானத்தின் பராமரிப்புக் குறிப்பேட்டில்) எழுதிக் கையெழுத்துப் போடுவார். கையுறையால் துடைத்துவிட்டு "முன்னாடியே இருந்ததுதான்" என்று சொல்ல உங்கள் லீடுக்கு இதில் எது தெரியும்? எனக்கே, லைசென்ஸ் வைத்திருந்த எனக்கே, அளக்காமல் சொல்ல அனுமதி கிடையாது.

இது அலுமினியம் என்பதால் பள்ளமாவது தெரிந்தது. 787, ஏ350 எல்லாம் எடையில் ஏறக்குறைய பாதி கம்பாசிட், அதாவது இழையும் பிசினும் அடுக்கடுக்காகச் சேர்த்த பொருள். ரப்பர் முனை அழுத்தினால் வெளித்தோல் உள்ளே போய்ப் பழையபடி வெளியே வந்துவிடும். பெயின்ட்கூடக் கலையாது. உள்ளே அடுக்கு பிரிந்திருக்கலாம், சட்டம் விரிசல் விட்டிருக்கலாம். அந்த விமானங்களில் இடி பட்டதற்கு ஒரே சாட்சி, சத்தம் கேட்ட ஆள்தான்.

ஆகவே கடமை யாருடையது என்ற கேள்விக்குப் பதில்: பார்த்தவர் எல்லோருடையதும். இடித்தவர் சொல்லிவிட்டார் என்று நிச்சயமாகத் தெரிந்தால் நீங்கள் விடலாம். இங்கே சொல்லவில்லை என்று உங்களுக்குத் தெரியும்.

---

டாலி_டிரைவர் எழுதியது:

சார் சொல்வதெல்லாம் புத்தகத்தில் சரி. தரையில் என்ன நடக்கிறது என்று நான் சொல்கிறேன். முன்பு வேலை செய்த இடத்தில் ஒரு பையன் ஏணி வண்டி இறக்கையில் பட்டதை எழுதிக் கொடுத்தான். எல்லோரும் முதுகில் தட்டினார்கள். அடுத்த ஒப்பந்தப் புதுப்பிப்பில் அவன் பெயர் இல்லை. காரணம் கேட்டால் ஆள் குறைப்பு. தண்டனை இல்லாத ரிப்போர்ட்டிங் என்று சுவரில் போஸ்டர் ஒட்டியிருப்பார்கள், அதே சுவருக்குக் கீழேதான் மெமோ கொடுப்பார்கள். ப்ரோ, யோசித்துச் செய்யுங்கள்.

---

ஓய்வுபெற்ற ஏ.எம்.இ. எழுதியது:

டாலி டிரைவர் சொல்வது பொய் என்று நான் சொல்ல மாட்டேன். நானும் பார்த்திருக்கிறேன். சியாட்டில் கதையிலேயே நான் சொல்லாத பாதி இருக்கிறது. அந்த ஏர்லைன் தன் சொந்த ராம்ப் ஆட்கள், அதாவது விமானத்தைச் சுற்றி வேலை செய்யும் தரைப்பணியாளர்கள், சுமார் 500 பேரை அதே வருஷம் மே மாதம்தான் வீட்டுக்கு அனுப்பிவிட்டு வேலையை ஒப்பந்தத்துக்குக் கொடுத்திருந்தது. டிசம்பரில் இது. ஓட்டியவர் ஏன் வாயைத் திறக்கவில்லை என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒப்பந்தத்தில் இருப்பவனுக்கு வாய் திறக்க எவ்வளவு பயம் இருக்கும் என்று தெரியும். பயத்தை உண்டாக்கிவிட்டு நேர்மையை எதிர்பார்க்கிற நிர்வாகத்தின் மீதுதான் எனக்குக் கோபம், லோடர் மீது இல்லை.

உலகத்துக்கே பொதுவான விதி ஒன்று இருக்கிறது. சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பான ஐ.சி.ஏ.ஓ.வின் 19ஆம் இணைப்பு ஒவ்வொரு நாடும் கட்டாய அறிவிப்பு முறையும், விரும்பிச் சொல்பவருக்கான முறையும் வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஐரோப்பாவில் 2014ஆம் ஆண்டின் 376ஆம் எண் சட்டம் இன்னும் தெளிவு. தரைப்பணியாளர் உட்பட எல்லோரும் 72 மணி நேரத்துக்குள் எழுத வேண்டும், நல்லெண்ணத்தில் நடந்த பிழைக்காக, சொன்னவரைத் தண்டிக்கக் கூடாது. வேண்டுமென்றே செய்ததும் படு அலட்சியமும் அந்தப் பாதுகாப்பில் வராது. இந்தியாவிலும் விமானப் போக்குவரத்து இயக்குநரகமான டி.ஜி.சி.ஏ.வுக்கு நேராகத் தாமாக முன்வந்து எழுதும் வழி இருக்கிறது. கம்பெனியில் யார் மேலும் நம்பிக்கை இல்லாவிட்டால் அதைப் பயன்படுத்துங்கள். ஆனால் அது காகிதம் போகிற வேகத்தில் போகும். விமானம் பறந்துகொண்டிருக்கும்போது அதை நம்பிக் காத்திருக்கக் கூடாது, போன்தான்.

இன்னொரு நடைமுறை விஷயம். எழுதிக் கொடுப்பதை உங்கள் லீட் கையில் மட்டும் கொடுக்காதீர்கள். சேஃப்டி ஆபீசருக்கு மெயிலில் போடுங்கள், நேரம் பதிவாகும். பார்த்ததை மட்டும் எழுதுங்கள். "மழை, தரை ஈரம், சைகை காட்ட ஆள் இல்லை, லோடர் முனை கதவுக்குக் கீழே பட்டது, பின்னால் எடுத்தார்கள்." சைகை காட்ட ஆள் இல்லை என்கிற வரிதான் உங்கள் சீனியரைக் காப்பாற்றப்போகும் வரி. அந்த ஆளை முன் ஹோல்டுக்கு அனுப்பியது அவர் முடிவாக இருக்காது. மறைத்து வைத்தால் அந்த வரி யார் கண்ணிலும் படாது, பழி முழுக்க அவர் மேல்தான் விழும்.

ராம்பில் இருக்கிற மற்றவர்களும் இதைப் படிப்பார்கள் என்பதால் சொல்கிறேன். இடித்ததும் முதலில் வருகிற எண்ணம் வண்டியைப் பின்னால் எடுப்பதுதான். எடுக்காதீர்கள். ஆபத்து இல்லை என்றால் அப்படியே நிறுத்தி இன்ஜினியரைக் கூப்பிடுங்கள். சொருகி நிற்பதை இழுத்தால் தகடு கிழியலாம், எந்த உயரத்தில் எந்த மூலை பட்டது என்ற தடயமும் போய்விடும். துடைக்காதீர்கள். போனில் படம் எடுக்கிறேன் என்று ஏப்ரனில் கேமராவைத் தூக்காதீர்கள், அது தனி வழக்காகிவிடும், இன்ஜினியர் எடுத்துக்கொள்வார். அப்புறம், லோடரை ஒட்டி நிறுத்தவே கூடாது. மூட்டை ஏற ஏற விமானம் கீழே இறங்கும், இறக்கினால் மேலே எழும்பும். காலியாக இருந்தபோது விட்ட இடைவெளி நிரம்பும்போது காணாமல் போய், கைப்பிடிக் கம்பி கதவின் அடியில் மாட்டிக்கொண்டதை நான் பார்த்திருக்கிறேன். யாரும் எதையும் இடிக்கவில்லை, விமானமே வந்து உட்கார்ந்துகொண்டது!

---

இடதுபக்க சீட் எழுதியது:

விமானி தரப்பிலிருந்து இரண்டு வார்த்தை.

நாங்கள் சுற்றி வந்து பார்ப்பது உண்மைதான். ஆனால் பெரும்பாலும் லோடிங் நடந்துகொண்டிருக்கும்போதே சுற்றிவிட்டு மேலே ஏறிவிடுவோம். அதற்குப் பிறகு பட்டதை நாங்கள் பார்க்க வழியே இல்லை. காக்பிட்டில் "உடம்பில் பள்ளம்" என்று எந்த விளக்கும் எரியாது.

எங்கள் ஆட்கள் பக்கமும் கதை இருக்கிறது, தரையில் இருப்பவர்களை மட்டும் சொல்வது நியாயம் இல்லை. 2018 அக்டோபர் 12, திருச்சியிலிருந்து துபாய் கிளம்பிய ஏர் இந்தியா எக்ஸ்பிரஸ் 737. 130 பயணிகள், 6 பணியாளர்கள். நள்ளிரவு தாண்டி ஏறும்போது ஓடுபாதை முடிவில் இருந்த லோக்கலைசர் (இறங்கும் விமானத்துக்கு ஓடுபாதையின் நேர்க்கோட்டைக் காட்டும் கருவி) ஆன்டெனாவையும் சுற்றுச்சுவரையும் தட்டிக்கொண்டு போனது. டவரிலிருந்து கேட்டார்கள். கருவிகள் எல்லாம் சரியாகக் காட்டுகின்றன என்று பதில் சொல்லிவிட்டுப் பறந்துகொண்டே இருந்தார்கள். சில மணி நேரம் கழித்துத்தான் மும்பைக்குத் திருப்பினார்கள். இறங்கிப் பார்த்தால் வயிற்றுப் பக்கம் கிழிந்து தொங்குகிறது. கருவி சரியாக இருப்பதும் உடம்பு சரியாக இருப்பதும் வேறு வேறு என்பதற்கு நம்ம ஊர் உதாரணம் இது.

ஆகவே தம்பி, சந்தேகம் என்றாலே ஹெட்செட்டில் காக்பிட்டோடு பேசும் தரைப்பணியாளரிடம் சொல்லுங்கள், அவர் எங்களிடம் சொல்வார். விமானத்தைப் பின்னால் தள்ளிவிட்டாலும் (புஷ்பேக்) பரவாயில்லை, ஓடுபாதையை நோக்கி உருண்டுகொண்டிருந்தாலும் (டாக்ஸி) பரவாயில்லை, டவர் எங்களை நிறுத்தும். திரும்பி வந்ததற்காக எந்த கேப்டனும் உங்களைத் திட்ட மாட்டார். திட்டினால் அவர் பெயரையும் எழுதுங்கள்.

ஒன்று மட்டும்: என்ஜின் ஓடுவதை எச்சரிக்கும் சிவப்பு விளக்கு (பீக்கன்) எரிந்தபிறகு பள்ளத்தைக் காட்டுகிறேன் என்று விமானத்தை நோக்கி ஓடிவராதீர்கள். 2022 டிசம்பர் 31 அன்று அமெரிக்காவின் மான்ட்காமரியில் ஒரு ராம்ப் பணியாளர் ஓடிக்கொண்டிருந்த என்ஜினுக்குள் இழுக்கப்பட்டு இறந்தார். ஏ.பி.யு. (தரையில் நிற்கும்போது மின்சாரம் தரும் சிறு என்ஜின்) வேலை செய்யாததால் என்ஜினை உடனே அணைக்க மாட்டார்கள் என்று விமானம் வருவதற்கு முன்பே குழுவைக் கூட்டிச் சொல்லியிருந்தார்கள். சொல்லியும் நடந்தது. கையைக் குறுக்கே வைத்து நிறுத்தச் சைகை காட்டுங்கள், அல்லது ரேடியோ. கிட்டே வரவேண்டாம்.

---

நைட்ஷிப்ட் லோடர் எழுதியது:

எல்லோருக்கும் நன்றி. அன்று காலையே போன் செய்தேன். டியூட்டி இன்ஜினியர் எதுவும் திட்டவில்லை, பதிவெண்ணையும் இடத்தையும் மட்டும் இரண்டு முறை கேட்டுக்கொண்டார். விமானம் அப்போது வேறோர் ஊரில் நின்றிருந்தது. ஒன்றரை மணி நேரம் நிறுத்தி அளந்திருக்கிறார்கள். பள்ளம் அளவுக்குள்தான் இருக்கிறதாம், பதிவு செய்துவிட்டு விட்டுவிட்டார்கள்.

இப்போது இங்கே என்ன பேச்சு தெரியுமா? "அளவுக்குள்ள இருந்ததுக்குப் போய் ஃப்ளைட்டை நிறுத்தி, சீனியரை மாட்டிவிட்டான்" என்று. லீட் என்னிடம் பேசுவதில்லை. சீனியரின் ஏ.டி.பி.யை விசாரணை முடியும்வரை வாங்கி வைத்திருக்கிறார்கள். அவர் மட்டும், "விடுடா, நானே சொல்லியிருக்கணும்" என்றார். சேஃப்டி ஆபீசர் வந்து, சைகை காட்டும் ஆளை அனுப்பியது யார் என்று எல்லோரிடமும் எழுதி வாங்கினார்.

சும்மா கிளப்பிவிட்டேனோ என்று இருக்கிறது.

---

ஓய்வுபெற்ற ஏ.எம்.இ. எழுதியது:

சும்மாவா? அளவுக்குள் இருக்கிறது என்று இப்போது தெரியும், ஏனென்றால் அளந்தார்கள். அதற்கு முன்னால் ஒருவருக்கும் தெரியாது, உங்கள் லீடுக்கும் தெரியாது.

அந்த ஒன்றரை மணி நேரத்தில் இன்னொரு வேலை நடந்திருக்கிறது. ஒவ்வொரு விமானத்துக்கும் டென்ட் சார்ட் என்று ஒன்று உண்டு, உடம்பில் எந்த ஃப்ரேமுக்கும் எந்த ஸ்ட்ரிங்கருக்கும் நடுவில் எவ்வளவு ஆழத்தில் பள்ளம் என்று வரைந்து வைத்திருப்பார்கள். உங்கள் பள்ளம் இப்போது அதில் ஏறிவிட்டது. ஏறாமல் இருந்திருந்தால், அடுத்த வாரமோ அடுத்த மாதமோ ஏதோ ஒரு சின்ன ஊரில் ராத்திரி இரண்டு மணிக்கு ஓர் இன்ஜினியர் டார்ச் அடிப்பார், பள்ளத்தைப் பார்ப்பார், சார்ட்டில் தேடுவார், இருக்காது. எப்போது வந்தது, எத்தனை முறை இதோடு பறந்தது, எதுவும் தெரியாது. அவருக்கு விமானத்தைத் தரையில் போடுவதைத் தவிர வழியில்லை. நான் அப்படிப் போட்டிருக்கிறேன், நூற்றெண்பது பேர் முறைத்துப் பார்க்க. கோபப்பட வேண்டிய ஆள் எங்கோ தூங்கிக்கொண்டிருப்பார்.

வரைந்துவிட்டால் போதுமா என்றால், அதுவும் போதாது. 1980இல் ஹாங்காங்கில் சைனா ஏர்லைன்ஸ் 747 ஒன்று வாலைத் தரையில் தேய்த்தது. யாரும் மறைக்கவில்லை, எல்லோருக்கும் தெரியும். ஆனால் கீறல் விழுந்த தகட்டை வெட்டி எடுக்காமல், அதற்கு மேலேயே இன்னொரு தகட்டை வைத்து மூடினார்கள். கீழே கீறலிலிருந்து விரிசல் வளர்ந்தது. 2002 மே 25, தைவான் நீரிணைக்கு மேலே விமானம் நடுவானில் உடைந்தது, உள்ளே இருந்த 225 பேரும் இறந்தார்கள். இருபத்திரண்டு வருஷம் கழித்து. தெரிந்த காயத்துக்கே இந்தக் கதி என்றால், தெரியாததைப் பற்றி என்ன சொல்ல.

சீனியர் விஷயத்துக்கு வருவோம். சேஃப்டி ஆபீசர் அந்தக் கேள்வியை எழுதி வாங்கினார் என்றால் விசாரணை சரியான பக்கம்தான் போகிறது. நீங்கள் கொடுத்த வாக்குமூலத்தில் மழை, ஆள் இல்லாதது, லேட்டாக வந்த விமானம் மூன்றும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் கூடுதலாக ஒரு மெயில் போடுங்கள். அவரையும் இதே மாதிரி எழுதச் சொல்லுங்கள். லோடரில் பிரேக் மழையில் பிடித்ததா, நெருங்குவதற்கு முன் நிறுத்தி பிரேக் சோதித்தாரா என்பதையும் அவர் உள்ளபடி எழுதட்டும். பிரேக்கில் குறை இருந்தால் அந்த வண்டியை இன்று ராத்திரி வேறு யாரோ ஓட்டப்போகிறார்கள்.

ஏர்லைன் சங்கம் ஐயாட்டா 2022இல் ஒரு கணக்குப் போட்டது. இதே ரீதியில் போனால் தரையில் ஏற்படும் சேதத்துக்கு 2035இல் வருஷத்துக்குக் கிட்டத்தட்ட 1,000 கோடி டாலர் ஆகுமாம். அதற்கு அவர்கள் சொன்ன மருந்து, நெருங்கும்போது தானாகவே வேகம் குறையும் சென்சார் வைத்த வண்டிகள். உங்கள் கம்பெனியில் அது எப்போது வருமோ தெரியாது. அதுவரை சைகை காட்ட ஓர் ஆளை நிறுத்தச் சொல்லி அந்த மெயிலிலேயே கடைசி வரியாக எழுதிவிடுங்கள். லீடுக்கும் ஒரு காப்பி போடுங்கள், பேசாவிட்டாலும் படிப்பார்.